நோய் விடுப்பு என்று அச்சடித்த பக்கங்கள்

பாஸ்டன் உயர்மறைமாவட்டம் ஆண்டுதோறும் ஒரு டைரக்டரி அச்சடிக்கும். நம்மூர் மறைமாவட்டங்களும் போடுகிற அதே மாதிரிப் புத்தகம்தான்: எந்தப் பங்கில் (ஒரு கோவிலைச் சேர்ந்த வட்டாரம்) யார் பங்குத்தந்தை, யார் துணைப் பங்குத்தந்தை, முகவரி, தொலைபேசி எண். அடுத்த ஆண்டுப் பதிப்பு வந்ததும் பழையது அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடும். 2015-இல் வெளிவந்த ‘ஸ்பாட்லைட்’ படத்தை இந்தப் புத்தகத்திலிருந்து பார்க்கத் தொடங்குவதுதான் சரி என்று படுகிறது. மைக்கேல் கீட்டன், மார்க் ரஃபலோ, ரேச்சல் மெக்காடம்ஸ் எல்லோரும் அருமையாக நடித்திருக்கிறார்கள். ஆனால் கதை திரும்புகிற இடம், பத்திரிகை அலுவலகத்தின் அடித்தளத்தில் செத்த எலி நாற்றமடிக்கும் ஓர் அறையில் உட்கார்ந்து, ஸ்கேலை வைத்து வரிவரியாகப் பழைய டைரக்டரிகளைப் படிக்கிற இடம்.

டாம் மெக்கார்த்தி இயக்கிய படம். ஜாஷ் சிங்கருடன் சேர்ந்து அவரே எழுதியது. 2016 பிப்ரவரியில் சிறந்த படம், சிறந்த அசல் திரைக்கதை என்று இரண்டு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. 2001 கோடையில் ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழுக்கு மயாமியிலிருந்து மார்ட்டி பேரன் புதிய ஆசிரியராக வருகிறார். 2002 ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமை, மூவிராசாக்கள் திருநாளன்று, கத்தோலிக்கக் குருக்கள் (பாதிரியார்கள்) குழந்தைகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதையும் திருச்சபை அதை மூடி மறைத்ததையும் பற்றிய முதல் செய்தி அச்சாகிறது. இந்த இடைவெளியில் ‘ஸ்பாட்லைட்’ என்ற சிறிய புலனாய்வுக் குழு என்ன செய்தது என்பதுதான் படம். அந்தக் குழு 1970-இலிருந்து இருக்கிறது. மாதக்கணக்கில் ஒரே விஷயத்தைத் தோண்டுவது அதன் வழக்கம்.

தோண்டியதைப் புரிந்துகொள்ள, எது எப்படிப் புதைக்கப்பட்டது என்று முதலில் தெரிய வேண்டும். படத்தின் முதல் காட்சி அதைத்தான் சொல்கிறது. 1976, ஒரு காவல் நிலையம். பாதிக்கப்பட்ட குழந்தைகளின் தாய் ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிறார். திருச்சபையின் மேலதிகாரி ஒருவர் அவரிடம் இதமாகப் பேசுகிறார். அரசுத் தரப்பு வக்கீல் வந்து எட்டிப் பார்க்கிறார். இளம் காவலர் ஒருவர், பிடித்து வைத்திருக்கும் குருவைக் கோர்ட்டில் நிறுத்தும்போது பத்திரிகைக்காரர்களைத் தடுப்பது கஷ்டமாயிற்றே என்கிறார். கோர்ட்டா, எந்தக் கோர்ட் என்று மூத்தவர் திருப்பிக் கேட்கிறார். சற்று நேரத்தில் வெளியே காத்திருந்த காரில் குரு ஏறிப் போய்விடுகிறார். அங்கே யாரும் எந்தக் காகிதத்தையும் கிழிக்கவில்லை. கிழிக்க வேண்டிய காகிதமே உருவாகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

பின்னால் வந்த ஆண்டுகளில் இதே வேலையை வக்கீல்கள் செய்தார்கள். பாதிக்கப்பட்டவர் வக்கீலிடம் போவார். வக்கீல் வழக்குப் போடாமல் நேராக உயர்மறைமாவட்டத்தின் வக்கீலைக் கூப்பிட்டுப் பேசுவார். ஒரு தொகை, ஒரு ரகசிய ஒப்பந்தம். வெளியே பேசக் கூடாது. பேசினால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வக்கீல் ஃபீஸ். வழக்கே தாக்கல் ஆகாததால் நீதிமன்றப் பதிவேட்டில் எண் கிடையாது. பாதிக்கப்பட்டவர்கள் ஏன் இதற்கு ஒத்துக்கொண்டார்கள் என்று கேட்கலாம். மாசசூசெட்ஸ் சட்டத்தில் அறநிறுவனங்கள் தரவேண்டிய இழப்பீட்டுக்கு 20,000 டாலர் என்ற உச்சவரம்பு இருந்தது. வழக்குப் போடும் காலக்கெடுவோ பெரும்பாலானோருக்கு எப்போதோ முடிந்திருந்தது. பத்து வயதில் நடந்ததைச் சொல்ல நாற்பது வயது ஆகிறது. சட்டம் அதுவரை காத்திருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனால் பெயர் நாறும், கையில் எதுவும் மிஞ்சாது என்ற நிலையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எதுவுமில்லை.

ஃபில் சவியானோ கதை இங்கே முக்கியம். பக்கத்து ஊஸ்டர் மறைமாவட்டத்திடமிருந்து 1995-இல் 12,500 டாலர் பெற்றவர் அவர். வாய்ப்பூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டதால் அவரால் பேச முடிந்தது. படத்தில் அவர் ஒரு பெட்டி நிறையக் காகிதங்களோடு குளோப் அலுவலகத்துக்கு வருகிறார். இதையெல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே இதே பத்திரிகைக்கு அனுப்பினேனே என்கிறார். அறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிற அந்தச் சில விநாடிகளில் யாரும் வசனம் பேசுவதில்லை.

நீதிமன்றத்தில் தடயம் இல்லை என்றால் வேறெங்கே இருக்கும்? ஒரு குருவைப் பங்கிலிருந்து எடுத்துவிட்டால் அவர் பெயரை டைரக்டரியில் எங்காவது போட்டுத்தான் ஆக வேண்டும். பெயரைத் தூக்கிவிட்டால் ஊர் கேட்கும். அதனால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல் வந்தது: நோய் விடுப்பு, நியமனம் இல்லை, அடுத்த நியமனத்துக்குக் காத்திருப்பு. குழு செய்தது இதுதான். ஏற்கெனவே தெரிந்த சில குருக்களின் பெயரை எடுத்து, ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கிப் போய், யார் எந்தப் பங்கில் எத்தனை ஆண்டு இருந்தார் என்று குறித்தார்கள். சாதாரணமாக ஒரு குரு ஒரு பங்கில் பல ஆண்டுகள் இருப்பார். இவர்களோ ஓரிரு ஆண்டில் மாறியிருந்தார்கள். நடுவே நோய் விடுப்பு. பிறகு நகரத்தின் மறுகோடியில் வேறொரு பங்கு. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இதே தடம். அப்படியானால் இதே தடம் உள்ள, இதுவரை தெரியாத பெயர்கள் எத்தனை? இந்தக் கேள்விக்குப் பிறகு டைரக்டரி, முகவரிப் புத்தகமாக இல்லாமல் வாக்குமூலமாகிவிடுகிறது. கணினியில் கைதேர்ந்த மேட் கேரல் எல்லாவற்றையும் அட்டவணையாக ஏற்றினார்: பெயர், ஆண்டு, பங்கு, நிலை.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் சலிப்பு தெரியும். ஒவ்வொரு ஆண்டும் தனித்தனிப் புத்தகம். ஒரே பெயரில் இரண்டு குருக்கள் இருப்பார்கள். கண் ஒரு வரி தாண்டினால் ஒருவருடைய பங்கு இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். அதற்காகத்தான் அந்த ஸ்கேல். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நோய் விடுப்பில் போனவர்களில் உண்மையாகவே நோயாளிகள் இருந்தார்கள். குடிப்பழக்கத்துக்கு சிகிச்சை பெறப் போனவர்களும் இருந்தார்கள். அட்டவணை தருவது சந்தேகப் பட்டியல்; அதை அப்படியே அச்சிட்டிருந்தால் எந்தத் தப்பும் செய்யாத ஒரு மனிதரின் வாழ்க்கை அந்தக் காலையிலேயே முடிந்துபோயிருக்கும். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் வெளியிலிருந்து ஓர் உறுதி தேவைப்பட்டது: பாதிக்கப்பட்டவர், வக்கீல், ஆவணம், ஏதாவது ஒன்று.

படத்தில் எண்ணிக்கை ஏறுகிற விதம் அழகு. முதலில் ஒரே ஒரு குரு, ஜான் ஜோகன். சவியானோ சொல்லும்போது 13. பிறகு, முன்பு குருவாக இருந்து மனநல ஆய்வாளரான ரிச்சர்ட் சைப் தொலைபேசியில் வருகிறார். குருக்களில் சுமார் 6 சதவீதம் என்பது அவருடைய மதிப்பீடு. பாஸ்டனில் ஏறத்தாழ 1,500 குருக்கள். பெருக்கினால் 90. அறையில் இருப்பவர்களுக்கு நம்ப முடியவில்லை. அட்டவணை முடிந்ததும் வருகிற எண் 87. இரண்டு தனித்தனி வழிகள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து முட்டும்போது, கணக்கு தற்செயலல்ல என்று தெரிந்துவிடுகிறது. கடைசியில் குழுத் தலைவர் வால்டர் ராபின்சன், திருச்சபைக்காக இத்தகைய வழக்குகளைப் பேசி முடித்த பழைய நண்பரான வக்கீலின் வீட்டுக்குப் போய்ப் பட்டியலை நீட்டுகிறார். நண்பர் கோபப்பட்டு வெளியே போகச் சொல்கிறார். பிறகு பின்னாலேயே வந்து, பேனாவை எடுத்து, அந்தப் பக்கத்தில் இருந்த பெயர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வட்டமாகப் போடுகிறார்.

கதவு தட்டும் வேலைக்கும் படம் நிறைய நேரம் தருகிறது. பத்துக் கதவு தட்டினால் ஒன்றுதான் திறக்கும். ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற குரு ஒருவரே கதவைத் திறந்து, ஆமாம், தொட்டேன், ஆனால் எனக்கு அதில் இன்பம் இல்லை என்று ஏதோ வாடகைக் கணக்கு சொல்வது போலச் சொல்கிறார். அதற்குள் உள்ளிருந்து வந்த சகோதரி கதவைச் சாத்திவிடுகிறார். கையில் நோட்டோடு நிற்கிற குழுவின் நிருபர் சாஷா ஃபைஃபருக்கு அடுத்த கேள்வி நாக்கு நுனியில் நிற்கிறது.

அதே ஃபைஃபர், பாதிக்கப்பட்ட ஒருவரோடு உட்கார்ந்து பேசும் காட்சியை இதழியல் படிக்கிற ஒவ்வொருவரும் இரண்டு முறை பார்க்கலாம். அவர் நடுக்கத்தோடு, என்னைத் தொந்தரவு செய்தார் என்பதோடு நிறுத்துகிறார். ஃபைஃபர் குரலை உயர்த்தாமல், அந்த ஒரு சொல் போதாது, என்ன நடந்தது என்று அப்படியே சொல்ல வேண்டியிருக்கும் என்கிறார். கொடூரமாகத் தோன்றலாம். ஆனால் மூடி மறைத்தவர்கள் பயன்படுத்தியதும் இந்த மழுப்பல் சொற்களைத்தான். தமிழ்ச் செய்திகளில் ‘சில்மிஷம்’ என்று தலைப்புப் போடும் பழக்கத்தை இந்தக் காட்சியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய அநியாயம் அது என்று புரியும். குழந்தைக்கு நடந்தது வன்முறை என்றால் வன்முறை என்றே எழுத வேண்டும்.

ஆவணங்கள் கிடைத்த வழிதான் படத்தில் பலருக்குப் பிடிபடாத பகுதி. இரண்டு தனிப் பாதைகள் உண்டு. ஒன்று பேரன் போட்டது. ஜோகன் மீதான உரிமையியல் வழக்கில் திருச்சபை ஒப்படைத்த கோப்புகளுக்கு நீதிமன்றம் முத்திரை வைத்திருந்தது. பேரன் வேலையில் சேர்ந்த உடனே, முத்திரையை நீக்கச் சொல்லி ஏன் மனுப் போடக் கூடாது என்று கேட்டார். ஊர்க்காரர் யாருக்கும் அதுவரை தோன்றாத கேள்வி. வாசகர்களில் பாதிக்கு மேல் கத்தோலிக்கர். திருச்சபைமீது வழக்கா என்று அறை மௌனமாகிறது. நீதிபதி கான்ஸ்டன்ஸ் ஸ்வீனி 2001 நவம்பரில் முத்திரையை நீக்க உத்தரவிட்டார்; மேல்முறையீடு நிற்கவில்லை.

இன்னொன்று வக்கீல் மிட்செல் கராபீடியன் கண்ட வழி. படத்தில் ஸ்டான்லி டூச்சி. அவர் கையில் ஆவணங்கள் இருந்தன, ஆனால் முத்திரைக்குக் கட்டுப்பட்டவர். கொடுத்தால் வக்கீல் தொழிலே போய்விடும். படத்தில் அவர் விளக்குவது இது: பழைய குரு ஒருவரைச் சாட்சி சொல்ல வைக்க அவர் மனுப் போடுகிறார். திருச்சபையின் வக்கீல் எதிர்க்கிறார். எதிர்ப்புக்குப் பதில் சொல்லும்போது ஆதாரம் இணைக்கலாம் அல்லவா? 14 ஆவணங்களை இணைத்துவிடுகிறார். பொது மனுவோடு இணைத்தவை பொது ஆவணம். யாரும் கேட்டு வாங்கலாம். ஆனால் இருப்பதே யாருக்கும் தெரியாது. குழுவின் நிருபர் மைக் ரெசெண்டெஸ் (ரஃபலோ) ஆவண அறைக்கு ஓடினால் கோப்பில் அவை இல்லை. மீண்டும் மனு, மீண்டும் தாக்கல். நகல் எடுக்கும் அறை மூடுகிற நேரம். கையிலிருந்த பணத்தையெல்லாம் நீட்டி ஜெராக்ஸ் எடுக்கிறார். நம் தாலுகா ஆபீசில் நகல் மனுவோடு நின்றவர்களுக்கு அந்தப் பதற்றத்தைச் சொல்லித் தரத் தேவையில்லை.

அந்த ஆவணங்களில் இருந்த ஒரு கடிதம் போதும். 1984 டிசம்பரில் துணை ஆயர் ஜான் டார்சி, பேராயர் பெர்னார்ட் லாவுக்கு எழுதியது. ஜோகனை வெஸ்டன் ஊரின் புனித ஜூலியா பங்குக்கு அனுப்பியது சரியா என்று கேட்கிறது. மேலிடத்துக்குத் தெரியாது என்று இனி சொல்ல முடியாது. ஜோகன் அந்தப் பங்கில் 1993 வரை இருந்தார்.

கடிதம் கிடைத்ததும் ரெசெண்டெஸ் இன்றே போடலாம் என்று கத்துகிறார். ரஃபலோவின் அந்த வெடிப்பைப் பலர் படத்தின் உச்சமாக நினைக்கிறார்கள். நியாயம் அவர் பக்கம் இருப்பது போலவும் தோன்றும்: தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு குழந்தைக்கு ஆபத்து, போட்டிப் பத்திரிகையின் கண்ணில் பட்டாலும் போச்சு. ராபின்சன் அசையவில்லை. இன்றே போட்டால் என்ன ஆகும்? கர்தினால் லா வருத்தம் தெரிவிப்பார். ஒரு கெட்ட குரு, ஒரு தவறான முடிவு என்று செய்தி நான்கு நாளில் அடங்கும். 1992-இல் பக்கத்து ஃபால் ரிவர் மறைமாவட்டத்தின் ஜேம்ஸ் போர்ட்டர் வழக்கில் நடந்தது அதுதான். அப்போது லா மேடையிலேயே பத்திரிகைகள்மீது, குறிப்பாக குளோப் மீது, இறைவனின் வல்லமை இறங்கட்டும் என்று வேண்டினார். ஆட்களை அல்ல, ஏற்பாட்டைக் காட்ட வேண்டும் என்று பேரன் சொல்வது இதனால்தான். அந்தத் தாமதத்தின் விலையை மேட் கேரல் தன் வீட்டிலேயே கொடுக்கிறார். குருக்களுக்கான சிகிச்சை இல்லம் ஒன்று தன் தெருவுக்கு அடுத்தே இருப்பது தெரிகிறது. அக்கம்பக்கத்தாரிடம் சொல்ல முடியாது. பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமலிருக்க ஃபிரிட்ஜில் அந்த வீட்டுப் படத்தை ஒட்டி வைக்கிறார். நடுவே செப்டம்பர் 11 வந்து குழுவை வாரக்கணக்கில் வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டது.

படம் தன் நாயகர்களையும் விட்டுவைக்கவில்லை. 1993-இல் வக்கீல் ஒருவர் 20 குருக்களின் பெயரைக் குளோப்புக்கு அனுப்பினார். செய்தி உள்பக்கத்தில் ஒரு மூலையில் வந்து மறைந்தது. அப்போது நகரப் பக்கங்களுக்குப் பொறுப்பு யார்? ராபின்சன். அவர் அதை எல்லோர் முன்னும் ஒத்துக்கொள்கிறார். தெரியாமல் இருந்தது என்பதைவிட, துண்டு துண்டாகத் தெரிந்திருந்தும் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை என்பதே உண்மை. குறையும் உண்டு. 1985-லேயே லூசியானாவில் ஜேசன் பெரி இந்தத் தடத்தை எழுதிவிட்டார். குளோப் தொடங்குவதற்கு முன்பே, 2001 மார்ச்சில், ‘பாஸ்டன் ஃபீனிக்ஸ்’ வார இதழில் கிறிஸ்டன் லொம்பார்டி ஜோகன் விவகாரத்தை விரிவாக எழுதினார். படம் அந்த இதழை ஓரிரு வரியில் தாண்டிப் போவது நியாயமில்லை. பாஸ்டன் கல்லூரியின் செய்தித் தொடர்பாளர் வாயில் வைத்த வசனங்கள் கற்பனை என்று பட நிறுவனமே பிறகு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. சொல்லுக்குச் சொல் சரிபார்ப்பதைப் போற்றுகிற படத்தில் இந்தச் சறுக்கல் வலிக்கிறது.

மெக்கார்த்தி எடுத்த முடிவுகளில் மிகப் பெரியது, பழைய சம்பவத்தை ஒரு முறைகூடக் காட்சியாகக் காட்டாதது. குழந்தைகளைக் கேமரா அந்த நிலையில் பார்க்கவே இல்லை. பேசுகிற பெரியவர்களின் முகம் மட்டும்தான். வெளிப்புறக் காட்சிகளில் பெரும்பாலும் எங்காவது ஒரு கோபுரம் நிற்கிறது. வீட்டுக்குப் பின்னால், விளையாட்டுத் திடலுக்குப் பின்னால். அதைச் சுட்டிக்காட்ட இசையோ நெருக்கக் காட்சியோ வராது. ஹோவர்ட் ஷோரின் பியானோவும் பெரும்பாலும் ஒதுங்கியே இருக்கிறது.

பிறகு நடந்தவை பொதுப் பதிவில் இருக்கின்றன. ஜோகன்மீது, முப்பது ஆண்டுகளில் ஆறு பங்குகளில், 130-க்கு மேற்பட்டோர் குற்றம் சாட்டினார்கள். 2002-இல் தண்டனை, 2003 ஆகஸ்டில் சிறையில் சக கைதியால் கொலை. 2002 ஜனவரி கடைசியில், முந்தைய பத்தாண்டில் குறைந்தது 70 குருக்கள் விஷயத்தில் உயர்மறைமாவட்டம் ரகசியமாகச் சமரசம் செய்திருந்தது என்ற செய்தி வந்தது. 2002 மே மாதம் மாசசூசெட்ஸ், குழந்தை வதை பற்றிக் கட்டாயம் புகார் செய்ய வேண்டியவர்கள் பட்டியலில் குருக்களைச் சேர்த்தது. (இந்தியாவில் 2012-இன் போக்சோ சட்டம், தெரிந்த எவரும் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது, மறைத்தால் தண்டனை.) லா 2002 டிசம்பர் 13 அன்று பேராயர் பதவியிலிருந்து விலகினார், 2004-இல் ரோமின் புனித மரியா பெருங்கோவிலுக்குத் தலைமைக் குருவாக்கப்பட்டார். 2003-இல் 552 பேருக்கு 85 மில்லியன் டாலர் இழப்பீடு. அதே ஆண்டு குளோப்புக்குப் பொதுச்சேவைக்கான புலிட்சர். அமெரிக்க ஆயர்கள் கேட்டு ஜான் ஜே கல்லூரி 2004-இல் வெளியிட்ட ஆய்வு 1950 முதல் 2002 வரை 4,392 குருக்கள்மீது குற்றச்சாட்டு இருந்ததாகக் கணக்கிட்டது. மொத்தக் குருக்களில் ஏறத்தாழ 4 சதவீதம்.

அட்டவணையில் ‘வேறு பங்கு’ என்ற கட்டம் கடல் தாண்டியும் நீள்கிறது. ஊட்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஒரு குரு, மினசோட்டாவின் குரூக்ஸ்டன் மறைமாவட்டத்தில் பணியாற்றியபோது நடந்த குற்றத்துக்காக இந்தியாவிலிருந்து அங்கே ஒப்படைக்கப்பட்டு, 2015-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓராண்டும் ஒரு நாளும் தண்டனை. ஊர் திரும்பிய அவருடைய இடைநீக்கத்தை 2016 தொடக்கத்தில் ஊட்டி ஆயர் நீக்கினார். அந்தச் செய்தி வெளியான அதே பிப்ரவரியில்தான் ‘ஸ்பாட்லைட்’ ஆஸ்கர் மேடையில் நின்றது.

முதல் செய்தியின் அடியில் குளோப் ஒரு தொலைபேசி எண்ணை அச்சிட்டிருந்தது. ஞாயிறு காலை ராபின்சனும் ரெசெண்டெஸும் அலுவலகத்துக்கு வருகிறார்கள். மேல்தளம் அமைதியாக இருக்கிறது. அடித்தள அறையில் எல்லாத் தொலைபேசிகளும் அடிக்கின்றன. அழைப்பவர்கள் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்கள். ஃபைஃபரும் கேரலும் காதில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் பங்கு, எந்த ஆண்டு, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன செய்தார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாக வேண்டும். அவர்கள் சொல்கிற பங்கையும் ஆண்டையும் ஒத்துப் பார்க்க அலமாரியில் அந்த டைரக்டரிகள் இருக்கின்றன. அந்த ஓராண்டில் மட்டும் குளோப்பில் ஏறத்தாழ 600 செய்திகள் வந்தன.